தலையும் மணிக்கட்டும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தவர். பணி ஓய்வில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை இந்தக் கல்லூரிக்கு எழுதிவைத்தார். ஆண்டுக்கு ஒருமுறை சமூகம் குறித்து ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் போட்ட நிபந்தனை. அரசியல், பொருளாதாரம், இலக்கியம் எல்லாம் இந்த மேடையில் பேசப்பட்டுவிட்டன. வாழ்நாள் முழுக்க ஊசியும் நூலுமாக இருந்த ஒருவர் வைத்த கொடையில், உடுத்துவதையும் அணிவதையும் பற்றி ஒரு பேச்சுகூட இல்லையே என்று எனக்குக் குறையாகப் பட்டது. ஆகவே இளைஞர்களின் பாணிகளைப் பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். முழு உடலையும் பேசப் பொழுது போதாது. தலையையும் மணிக்கட்டையும் மட்டும் பேசுகிறேன். ஏன் இந்த இரண்டு என்பது போகப்போகத் தெரியும்.

இந்தப் பேச்சு கருக்கொண்டது ஒரு சலூனில். எங்கள் தெருமுனைக் கடையில் கண்ணாடிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘பள்ளி மாணவர்களுக்கு பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு, ஸ்பைக் வெட்டப்பட மாட்டாது. இப்படிக்கு நிர்வாகம்.’ ஒரே ஒரு நாற்காலி போட்ட கடை அது. நிர்வாகம் என்பவர் கத்தரிக்கோலோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். “ஹெட்மாஸ்டர் ஆள் விட்டுச் சொன்னாருங்க சார். ஒட்டிட்டேன். இங்க வெட்டலைன்னா பசங்க பஸ் ஏறி டவுனுக்குப் போய் வெட்டிக்கிட்டு வர்றானுங்க. அவனுங்க தலையும் மாறல, எம் பொழப்புதான் கொறைஞ்சு போச்சு” என்றார்.

இது என் தெருவில் மட்டும் நடந்ததல்ல. கடந்த சில ஆண்டுகளில் தலைமையாசிரியர்கள் முடிதிருத்துவோருக்குக் கடிதம் கொடுத்த செய்தி பல மாவட்டங்களிலிருந்து வந்தது. பள்ளிக்கே முடிதிருத்துபவரை வரவழைத்து மாணவர்களை வரிசையில் உட்காரவைத்த படங்களும் வந்தன. பதினாறு வயதுப் பையனின் காதோரத்தில் எத்தனை விரற்கடை முடி இருக்கிறது என்பது ஒரு நிறுவனத்தின் கவலையாக ஏன் மாறுகிறது? அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நாகரிகம் என்றொரு சொல்

ஃபேஷன் என்ற சொல் நம் பேச்சில் புகும் முன்பு அதற்கு நாம் வைத்திருந்த பெயர் நாகரிகம். “பட்டணம் போய் வந்ததிலிருந்து ரொம்ப நாகரிகமாயிட்டான்” என்று என் பாட்டி சொன்னால் அது பாராட்டு இல்லை. பவுடர் பூசுகிறான், சட்டைக் கையை மடித்து விடுகிறான் என்று பொருள். பழங்காலத்துச் சிந்துவெளி மக்களுக்கும் அதே சொல், பக்கத்து வீட்டுப் பையனின் புதுச் சட்டைக்கும் அதே சொல். ஒரு மொழி தன் பண்பாட்டின் உச்சத்துக்கும் தெருமுனை அலங்காரத்துக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது என்றால், இரண்டையும் அது ஒட்டுறவு உள்ளவையாகப் பார்த்திருக்கிறது. வள்ளுவரும் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். எந்த இடத்தில் என்பதைப் பேச்சின் முடிவில் சொல்கிறேன்.

குடுமியிலிருந்து கிராப்புக்கு

நம் முன்னோர்களில் பலருக்குத் தலைமுடி பிறப்புச் சான்றிதழ் மாதிரி. குடுமி முன்குடுமியா பின்குடுமியா, எவ்வளவு அகலம், எப்படி முடிச்சு என்று பார்த்தே ஆளை இன்னார் என்று சொல்லிவிடலாம். அந்தத் தலையில் முதல் கத்தரி வைத்தது கிராப்பு. கதிரைக் கொய்வதற்கும் முடியைக் கத்தரிப்பதற்கும் பொதுவான ஆங்கிலச் சொல் அது. நாம் ஒரு ‘பு’ சேர்த்து நம்முடையதாக்கிக்கொண்டோம்.

இன்று பள்ளிகள் மாணவர்களிடம் ‘ஒழுங்கான கிராப்பு’ வெட்டி வரச் சொல்கின்றன. நூறாண்டுக்கு முன் கிராப்பே ஒழுங்கீனமாக இருந்தது. காசியில் படித்த காலத்தில் பாரதி குடுமியை எடுத்துவிட்டு மீசை வளர்த்துக்கொண்டார். வைதிகக் குடும்பத்தில் அது சிறிய செய்தி அல்ல. கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறுவதற்கு முன் அவருடைய குடுமி எடுக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் அவர் எப்படித் தோன்ற வேண்டும் என்று மற்றவர்கள் முடிவு செய்தார்கள். ஒரே கத்தரி பாரதிக்கு விடுதலையாக இருந்தது, ராமானுஜனுக்கு வேதனையாக இருந்தது. பாணி தன்னளவில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

அடுத்து வந்தது பாகவதர் கிராப்பு. எம். கே. தியாகராஜ பாகவதரின் முடி தோளைத் தொட்டது. கிராப்பு என்றால் குட்டையாக வெட்டுவது என்ற பொருள் அதோடு போயிற்று. எந்தத் தலை அலங்காரமும் கிராப்பாகிவிட்டது. 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டபோது, ஊரூராக இளைஞர்கள் தலையை வளர்த்துப் பின்னால் வாரி விட்டார்கள். அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட தகப்பன்களில் பலர், தங்கள் வாலிபத்தில் குடுமியை எடுத்ததற்காகத் தகப்பனிடம் அடி வாங்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

என் முறை எழுபதுகளில் வந்தது. காதை மூடிய ஸ்டெப் கட்டிங், தரையைக் கூட்டும் பெல்பாட்டம். விளிம்பு தேய்ந்து கிழியாமல் இருக்க அடியில் ஜிப் வைத்துத் தைத்துக்கொள்வோம். “தெருவைக் கூட்ட நகராட்சி ஆள் போட்டிருக்குடா, நீ எதுக்கு?” என்றார் என் அப்பா. அவர் அறிவு எனக்கு இருந்திருந்தால் பின்னாளில் நானும் அப்படிச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இருபதாண்டு கழித்து நான் ஆசிரியராக இருந்தபோது, பின்கழுத்தில் முடியைத் தொங்கவிட்டு ‘ஃபங்க்’ வைத்திருந்த ஒரு மாணவனை வெட்டிவிட்டு வா என்று வகுப்பிலிருந்து அனுப்பினேன். மூன்றாம் நாள் அவன் வழவழவென்று மொட்டையடித்துச் சந்தனம் பூசி வந்து நின்றான். “பழனிக்கு வேண்டுதல் சார்.” வகுப்பே சிரித்தது. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. மொட்டைக்கு எந்தப் பள்ளியிலும் தடை கிடையாது. முடியின் நீளம் எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை, யாரைக் கேட்டு அவன் அதை வைத்துக்கொண்டான் என்பதே பிரச்சினை என்று அன்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியப் பல ஆண்டுகள் ஆயின.

தடைகளின் பட்டியல்

தலைமுறைச் சண்டை என்று இதை இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் தகப்பன்–மகன் சண்டை மட்டும்தான் என்றால் அது காலப்போக்கில் தணிந்துவிடும். தணியாத சண்டை ஒன்று இதற்கு அடியில் இருக்கிறது. அதற்குச் சான்றாக இரண்டு பழைய ஆவணங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டம். மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு போராடினார்கள். 1859 ஜூலையில் அரச அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் ரவிக்கை அணியலாம், முரட்டுத் துணியால் போர்த்திக்கொள்ளலாம், எந்த விதத்தில் வேண்டுமானாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுவது போல மட்டும் போடக் கூடாது என்றது அந்த அறிவிப்பு. இதை நிதானமாகப் பாருங்கள். உடலை மறைப்பதைப் பற்றி அரசுக்கு இப்போது மறுப்பு இல்லை. துணியைப் பற்றியும் மறுப்பு இல்லை. மறுப்பெல்லாம் பாணியைப் பற்றியது. பார்த்த மாத்திரத்தில் யார் எவர் என்று தெரியாமல் போய்விடக் கூடாது.

இரண்டாவது ஆவணம் தலைமுடிக்கு நேராக வருகிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

அந்தப் பட்டியலில் பனியனுக்கும் கிராப்புக்கும் என்ன வேலை? 1930-இல் அவைதான் இளைஞர்களின் புதுப்பாணி. ரங்கூனுக்கும் கொழும்புக்கும் மலேயாவுக்கும் போய்த் திரும்பியவர்களும், பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களும், மிஷன் பள்ளியில் நாலெழுத்து படித்தவர்களும் கொண்டுவந்த தோற்றம் அது. வெளியூரில் கூலி பெற்ற கை, உள்ளூரில் சட்டை போட்டுக்கொள்ள நினைத்தது. அதைத் தடுக்கத்தான் எட்டுத் தடைகள்.

இங்கேதான் நான் இன்று சொல்ல வந்த ஒரே கருத்து இருக்கிறது. ஒரு பாணி ஒழுங்கீனம் என்று பெயர் வாங்குவது அது எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து அமைவதில்லை. யார் உடம்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அமைகிறது.

கீழிருந்து மேலே

ஃபேஷனைப் பற்றி எழுதிய முன்னோடிகளில் ஒருவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல். 1904-இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக வைக்கப்படுகிறது. மேல்தட்டினர் ஒரு பாணியைத் தொடங்குவார்கள். கீழே இருப்பவர்கள் அதை எட்டிப் பிடிப்பார்கள். பிடித்த கணமே மேல்தட்டு அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவும். நம் நாட்டில் எம். என். சீனிவாஸ் 1952-இல் எழுதிய குடகு நூலில், சாதிகள் மேல்நிலைச் சாதியின் பழக்கங்களைக் கைக்கொண்டு உயரப் பார்ப்பதை விளக்கினார். இருவர் கண்ணிலும் நீர் மேலிருந்து கீழே ஓடுகிறது.

வடசென்னை இதைத் திருப்பிப் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் என்பதைப் ‘பிள்ளைங்க’ என்கிறோம். வடசென்னை நாக்கில் அது ‘புள்ளிங்கோ’. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு போன்ற இடங்களில் பையன்கள் நண்பர் கூட்டத்தைச் சொல்லும் அன்பான சொல். இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டி, உச்சியில் குவித்து, முன்மயிருக்குச் செம்பட்டை நிறமேற்றி, கணுக்காலைப் பிடிக்கும் பேண்ட் போட்ட ஒரு தோற்றம் அந்தச் சொல்லோடு சேர்ந்தது. தெருவெல்லாம் கால்பந்து ஆடும் பகுதி அது. ஐரோப்பிய மைதானங்களில் ஓடும் வீரர்களின் தலை, கைபேசித் திரை வழியாக அந்தச் சந்துகளுக்கு வர ஒரு வாரம்கூட ஆவதில்லை. நடுவில் அண்ணா நகரும் இல்லை, அடையாறும் இல்லை.

நகரத்தின் மற்ற பகுதிகளுக்கு அது பொறுக்கவில்லை. புள்ளிங்கோ என்பது கேலிச் சொல்லானது, பிறகு வசைச் சொல்லானது. நகைச்சுவைக் காணொளிகளில் அவன் கோமாளி. செய்திகளில் அவன் சந்தேகத்துக்குரியவன். அதே வெட்டை ஏ.சி. போட்ட யுனிசெக்ஸ் சலூனில் செய்துகொண்டால் அதற்கு ‘ஃபேடு’ என்று பெயர். அதே செம்பட்டை நிறம் மென்பொருள் நிறுவன அடையாள அட்டையோடு வந்தால் அது ‘ஹைலைட்’. தலை ஒன்று, விலைச்சீட்டு இரண்டு. மேலிருந்து இறங்கினால் அதை ஃபேஷன் என்கிறோம். கீழிருந்து ஏறினால் அதற்கு ஒழுக்கப் பிரச்சினை என்று பெயர் வைத்துச் சுற்றறிக்கை அனுப்புகிறோம்.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் உண்டு. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. இழவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவைப் பாட வந்த இளைஞர்கள் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாக மேடையேறினார்கள். அதைப் பார்த்த யாருக்கும் அம்பேத்கர் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்தார். ஏழை இந்தியனோடு ஒன்றாக அது அவருக்கு வழி. சட்டை போடக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களின் தலைவர் மூன்று துண்டுக் கோட்டில் நின்றார். அது அவருக்கு வழி. இருப்பவர் துறந்தால் தியாகம். மறுக்கப்பட்டவர் அணிந்தால் உரிமை. இந்த வேறுபாடு பிடிபட்டால், எளிமையாக இருக்கக் கூடாதா என்று ஏழைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் அறிவுரை எவ்வளவு வலிக்கும் என்பதும் பிடிபடும்.

வேட்டிக்கும் இதே கதைதான். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை வாசலிலேயே தடுத்தார்கள். அடுத்த மாதமே, உடையைக் காரணம் காட்டி அப்படித் தடுப்பதை விலக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பொங்கலுக்குக் கல்லூரிகளில் பையன்கள் வேட்டியில் வருவது கொண்டாட்டமாகியிருக்கிறது; இடுப்பில் நிற்காதே என்ற கவலைக்கு ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ வந்துவிட்டது. தாத்தாவின் அன்றாட உடை பேரனுக்கு ஃபேஷன். வயலில் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பவரை மட்டும் இன்னும் யாரும் ஃபேஷன் என்று சொல்வதில்லை.

பெண்ணின் தலை

ஆண்களின் முடியைப் பற்றிய கவலை வயதோடு தீர்ந்துவிடும். பெண்ணின் முடிக்கு அந்த விடுதலையும் கிடையாது. பள்ளியில் இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், மணமானால் பூ, கணவன் இறந்தால் பூ போயிற்று. சில சாதிகளில் தலையையே மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை நிலையை ஊரார் அவள் தலையைப் பார்த்தே படித்தார்கள். பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு ஆண்களைப் போல எளிய உடை உடுத்த வேண்டும் என்று பெரியார் திரும்பத் திரும்பச் சொன்னது சும்மா அதிர்ச்சி மதிப்புக்காக அல்ல. படிக்க முடியாத தலையை அவர் கேட்டார்.

1985-இல் ‘பூவே பூச்சூடவா’ வந்தபோது நதியா கம்மல், நதியா வளையல் என்று கடைகள் விற்றுத் தீர்த்தன. பெண்கள் நதியாவின் அணிகளை மட்டும் வாங்கவில்லை என்று நினைக்கிறேன். பாட்டியோடு சரிக்குச் சரி வாயாடுகிற, துள்ளி நடக்கிற ஒரு பெண்ணை அவர்கள் வீட்டுக்குள் கொண்டுவர விரும்பினார்கள். கம்மலுக்கு வீட்டில் அனுமதி கிடைத்தது, வாயாடுவதற்குக் கிடைக்கவில்லை. தாவணி போய்ச் சுடிதார் வந்தபோது பேருந்தில் ஏறுவதும் மிதிவண்டி மிதிப்பதும் எளிதாயின. உடையின் மாற்றத்துக்குப் பின்னால் ஊர்விட்டு ஊர் போய்ப் படிக்கும் பெண்கள் இருந்தார்கள். 2015-இல் ஒரு வார இதழ் லெக்கின்ஸ் அணிந்த பெண்களைப் பின்னாலிருந்து படமெடுத்து அட்டையில் போட்டு ஒழுக்கம் பேசியது. அப்போது எழுந்த கண்டனத்தில் இளம்பெண்களின் குரலே ஓங்கியிருந்தது. அந்த அட்டையைப் பார்த்தவருக்கு அந்தப் பெண்களைப் பற்றி ஒன்றும் தெரியவராது. கேமராவைப் பிடித்தவரைப் பற்றித் தெரியவரும்.

சீருடையில் மிஞ்சிய இடம்

இனி மணிக்கட்டு. காமராசர் காலத்தில் பள்ளிச் சீருடை பரவியதன் நோக்கம் உயர்ந்தது. இன்னார் பிள்ளை ஏழை, இன்னார் பிள்ளை பணக்காரன் என்று வகுப்பில் தெரியக் கூடாது. இன்று அரசே ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை தருகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே நிறச் சட்டை உடம்பை மூடிய பிறகு, ஒரு பையன் தான் யார் என்று காட்டிக்கொள்ள மிஞ்சியிருப்பது இரண்டே இடம். சட்டைக்கு மேலே தலை. சட்டைக் கைக்கு வெளியே மணிக்கட்டு.

தலையில் அவன் கால்பந்து வீரனாகிறான், நடிகனாகிறான், பிறந்த தெருவுக்கு வெளியே உள்ள யாரோ ஆகிறான். மணிக்கட்டில் என்ன நடக்கிறது? தென்மாவட்டப் பள்ளிகளில் மஞ்சளும் சிவப்பும், பச்சையும் சிவப்பும் என்று நிறம் பிரித்த கயிறுகள் ஏறின. நிறத்தைப் பார்த்தால் சாதி தெரியும். மைதானத்தில் யாரோடு சேர்வது, மதிய உணவில் யார் பக்கத்தில் உட்கார்வது எல்லாவற்றையும் அந்தக் கயிறு சொல்லிவிடும். 2019 ஜூலையில் பள்ளிக் கல்வி இயக்குநரகம் இத்தகைய கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியது. அரசியல் எதிர்ப்பு கிளம்பியதும் அதன் வேகம் அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் வேண்டாம் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

இளைஞர் பாணி எல்லாமே விடுதலை என்று நான் இதுவரை பேசியதாக யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், அந்தக் கயிறு அதை மறுக்கிறது. அதுவும் இளைஞர் பாணிதான். நண்பர்கள் கட்டுவதைப் பார்த்துத்தான் கட்டிக்கொள்கிறார்கள். கைபேசியில் நிலைத்தகவலாக வைக்கிறார்கள், பின்னணியில் பாட்டு ஓடுகிறது. 1930-இல் ஊர்ப் பெரியவர்கள் கூடி அடுத்தவன் உடம்பில் எழுதிய வேறுபாட்டை, இன்று பதினைந்து வயதுப் பையன் தன் உடம்பில் தானே விரும்பி எழுதிக்கொள்கிறான். தோற்றத்தில் புதுமை, உள்ளே அதே பட்டியல்.

அப்படியானால் இரண்டையும் பிரித்தறிவது எப்படி? எனக்குத் தெரிந்த சோதனை எளிது. கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். நாளைக்கு அலுத்துப்போனால் பாக்ஸ் கட்டிங்கை மாற்றிவிடலாம், யாரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. கயிற்றைக் கழற்றினால் ஏன் கழற்றினாய் என்று கேட்க ஒரு கூட்டம் நிற்கிறது. நம் பள்ளிகளோ, நாளைக்கே தானாக வளர்ந்து மாறிவிடும் முடியின் மீது கத்தரியை வைத்துக்கொண்டு, கயிற்றைக் கண்டால் ‘சாமிக் கயிறா இருக்கும்’ என்று பார்வையைத் திருப்பிக்கொண்டன. கயிற்றைத் தொட்டால் ஊர் திரண்டு வரும், முடியை வெட்டினால் யாரும் கேட்க வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பள்ளிக்கு விதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒரு வகுப்பில் வைத்துச் சமாளிக்கும் ஆசிரியரின் பாடு எனக்குத் தெரியும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். பள்ளி விதியும் சாதித் தடையும் ஒன்றல்ல. ஆனால் ஒரு விதி யாரை அடிக்கடி வெளியே நிற்க வைக்கிறது என்று கணக்குப் பார்க்காத பள்ளி, தன் விதி எந்தப் பட்டியலின் சாயலில் இருக்கிறது என்பதை அறியாமலே போகும்.

தைக்கிற கை

மணிக்கட்டைப் பேசிவிட்டு அதற்குக் கீழே உள்ள கையைப் பேசாமல் இறங்கினால், இந்த அறக்கட்டளை அம்மையார் என்னை மன்னிக்க மாட்டார். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் அணிந்திருக்கும் டி-சர்ட்டு திருப்பூரில் பிறந்ததாக இருக்கலாம். வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர், 1970களின் இறுதியில் ஐரோப்பிய வணிகர்களின் கண்ணில் பட்டது. ஏற்றுமதியில் மிஞ்சியது காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்தது; அங்கிருந்து ஊர்ச் சந்தைகளுக்கு வந்தது. இத்தாலியில் ஒரு விலைக்கு விற்கும் சட்டையின் உடன்பிறப்பை இங்கே கூலிக்காரர் மகனும் போட்டுக்கொள்ள முடிந்தது. பனியன் கூடாது என்று தடை போட்ட நூற்றாண்டிலேயே நடந்த இந்த மாற்றத்தைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்.

அதற்கு விலையும் உண்டு. சாயக்கழிவு கலந்த நொய்யல், நிறம் மாறிய ஓரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர்நீதிமன்ற உத்தரவு எல்லாம் இதே சட்டையின் மறுபக்கம். மூன்றாண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலை விடுதிகளில் அடைக்கப்பட்ட பெண்களில் பலர் உங்கள் வயதினர், சிலர் உங்களைவிடச் சிறியவர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்தபோது இறந்த 1,134 பேரில் பெரும்பகுதி இளம்பெண்கள். உலகத்து இளைஞர்களின் சட்டையைத் தைத்தவர்கள். ஃபேஷனைப் பற்றிப் பேசும்போது அணிகிற இளைஞனையே பார்க்கிறோம். தைக்கிற இளைஞியின் தோற்றத்தைப் பற்றி யாரும் சுற்றறிக்கை விடுவதில்லை. அவளை யாரும் பார்ப்பதே இல்லை.

கண்ணோட்டம்

நாகரிகம் என்ற சொல்லை வள்ளுவர் எங்கே ஆண்டார் என்று சொல்வதாகச் சொன்னேன். உடை, அணி பற்றிப் பேசும் இடத்தில் அல்ல. கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில். இன்று நாம் ‘பார்வைக் கோணம்’ என்ற பொருளில் எழுதும் கண்ணோட்டம் அவருக்கு இரக்கத்தோடு பார்க்கும் பார்வை. நாகரிகம் என்பது பார்க்கப்படுபவர் உடம்பில் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. பார்ப்பவர் கண்ணில் அதை வைத்தார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை ஒரு பையனின் தலை உங்களை உறுத்தினால், அவனை வெளியே அனுப்பும் முன் இதை யாரைப் பார்த்து வைத்தாய் என்று ஒருமுறை கேளுங்கள். அவன் எங்கே போக ஆசைப்படுகிறான் என்பது அந்தப் பதிலில் இருக்கும். அவன் கையில் கயிறு இருந்தால், இதை யார் கட்டிவிட்டது என்று கேளுங்கள். அவனை யார் எங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அந்தப் பதிலில் இருக்கும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் தலையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்கப்போகிறீர்கள், நான் என் பெல்பாட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதைப் போல. மணிக்கட்டை மட்டும் இன்று இரவு ஒருமுறை பாருங்கள். அதில் இருப்பதைக் கழற்ற உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்கள் பாணி இல்லை. உங்கள் மீது வேறு யாரோ கட்டியது.